கல்குடாவில் கேன் எறிந்த அண்ணாவுக்கும் கூட நின்ற எல்லோருக்கும்

கிழக்குக் கரையில் கல்குடாக் கடல் இழுத்துப்போய், கயிறு கட்டிய வெறும் கேனைப் பிடித்துக் கரை சேர்ந்த எங்கள் தோழி வீட்டுக்கு வந்துவிட்டாள். இருமல் நின்றுவிட்டது, எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை. என்ன நடந்தது என்பது எங்கள் மலைநாட்டில் பசறையிலிருந்து லுணுகலை வரை எல்லோர் காதுக்கும் எட்டியாயிற்று. அதைத் திரும்பச் சொல்ல இதை எழுதவில்லை. நன்றி சொல்ல ஆட்கள் நிறைய இருக்கிறார்கள்.

1990 என்ற எண்ணுக்கு அழைத்ததும் சுவசெரிய அம்புலன்ஸில் வந்தவர்கள், வாழைச்சேனை ஆதார வைத்தியசாலையில் விடியும்வரை அவள் மூச்சை எண்ணிக்கொண்டிருந்த தாதியர், நனைந்து நின்ற பிள்ளைகளுக்குத் தன் பெட்டியைத் திறந்து உடுப்புக் கொடுத்த கல்குடா அம்மா, ஓட்டமாவடியிலிருந்து சோற்றுப் பார்சல் அனுப்பிவிட்டுக் காசு வாங்க மறுத்த நானா, திரும்பும் வழியில் படுத்துவர இடம் பிடித்துக் கொடுத்த பஸ் கண்டக்டர் அண்ணன்: உங்கள் எல்லோருக்கும் கைகூப்பி நன்றி. "நல்லாத்தானே பேசுறா, எதுக்கு ஆஸ்பத்திரி?" என்று கரையில் பலர் கேட்டபோது, கட்டாயம் போகவேண்டும் என்று நின்ற அம்புலன்ஸ் தம்பிக்குத் தனி நன்றி. தண்ணீர் நுரையீரலுக்குள் கொஞ்சம் போனாலும் மூச்சறைகளை விரித்து வைக்கும் மெல்லிய பூச்சு கழுவப்பட்டுவிடும். மூச்சுத் திணறல் சில மணி நேரம் கழித்துக்கூட வரலாம். அதனால்தான் ஆறு முதல் எட்டு மணி நேரம் வைத்துப் பார்க்கிறார்கள். வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுக்கும் பழைய பழக்கத்தை இனி யாரும் செய்யவேண்டாம். வாந்தி வந்து அதுவே மூச்சுக்குழாயை அடைக்கும்.

இனி அந்தக் கேனை எறிந்த கரைவலை மீனவர் அண்ணாவுக்கு.

அண்ணா, அன்றைக்கு நீங்கள் எறிந்த கேனுக்கு நன்றி சொல்ல எங்களிடம் வார்த்தை இல்லை. ஆனால் அதைவிட எங்களை அசைத்தது மறுநாள் காலை நீங்கள் செய்தது. வலை வளைக்கும் நேரத்தில் தோணியை மற்றவர்களிடம் விட்டுவிட்டு வாடிக்குப் (மீனவர் குடிசைக்கு) பக்கத்து மணலில் எங்களை உட்காரவைத்துக் கடலைப் படிக்கச் சொல்லித் தந்தீர்கள். யாரும் கேட்கவில்லை, நீங்களாகவே வந்தீர்கள். "கடலோட மல்லுக்கட்டாதீங்க புள்ளயள், விட்டுட்டு அங்கால வாங்க" என்றீர்கள். நீங்கள் சொன்னதை நம் மலைநாட்டுப் பிள்ளைகளுக்காக இங்கே எழுதி வைக்கிறோம்.

அலை உடைந்து கரைக்கு வந்த தண்ணீர் திரும்பிப் போகவேண்டும். மணல்திட்டில் பள்ளம் எங்கே இருக்கிறதோ, அந்த ஒடுக்கமான வழியாக அது வெளியே ஓடும். இழுவை என்பது அதுதான். இரண்டு பக்கமும் அலை வெள்ளையாக உடையும்போது நடுவில் ஒரு பட்டை மட்டும் உடையாமல், கொஞ்சம் கருத்து, அமைதியாகக் கிடக்கும். புதிதாக வருபவர்கள் பயமில்லாத இடம் என்று அங்கேதான் இறங்குவார்கள். நுரையும் பாசியும் கரையைவிட்டு வெளியே போனால் அதுவே அடையாளம். இழுவை ஆளைக் கீழே அமுக்காது, வெளியே கொண்டுபோகும். வேகமான இடங்களில் நொடிக்கு 2 மீற்றருக்கு மேல் ஓடும். அதை எதிர்த்துக் கரைக்கு நீந்த எந்த வீரராலும் முடியாது.

மலை ஓடையான ஓயாவிலும் ஆற்றிலும் நீந்திப் பழகியவர்களுக்கு இங்கேதான் கணக்குப் பிசகுகிறது. ஆற்றில் ஓட்டத்துக்குக் குறுக்கே அடித்தால் கரை வந்துவிடும். கடலில் கரை இருப்பது ஓட்டத்துக்கு நேர் எதிரே. நீச்சல் தெரிந்தவர் கரையை நோக்கி முழு மூச்சாக அடித்து, கை ஓய்ந்துதான் மூழ்குகிறார். கரையோரமாகப் பக்கவாட்டில் நீந்தினால் சில பத்து மீற்றரில் இழுவையின் விளிம்பு வந்துவிடும். பிறகு அலையே கரைக்குத் தள்ளும். முடியாவிட்டால் மல்லாந்து மிதந்து ஒரு கையை மட்டும் ஆட்டவேண்டும். அலை உடையும் இடத்தைத் தாண்டினால் பெரும்பாலும் இழுவை தளர்ந்துவிடும்.

பாசிக்குடாவில் இடுப்பளவு தண்ணீரில் வெகுதூரம் நடக்கலாம். அந்தத் துணிச்சலை அப்படியே பக்கத்துக் கல்குடாவுக்குக் கொண்டுபோகக் கூடாது, அங்கே கரை திறந்த கடலுக்கு நேரே இருக்கிறது. இன்னொன்று, கச்சான் காற்று. மலைநாட்டின் மேற்கில் மழையைக் கொட்டிவிட்டு வறண்டு இறங்கும் அதே காற்று, கிழக்குக் கரையில் தரையிலிருந்து கடலை நோக்கி வீசும். கச்சான் வீசும் மாதங்களில்தான் கடல் அமைதியாகத் தெரியும். ஆனால் காற்றடைத்த டியூப்பையும் பந்தையும் கண்மூடித் திறப்பதற்குள் ஆழத்துக்குக் கொண்டுபோய்விடும். போன பந்தை எடுக்க யாரும் போகக்கூடாது. பந்து போகட்டும்.

கேன் விஷயம். காப்பாற்றப் பாய்ந்தவரும் சேர்ந்து போவதுதான் அடிக்கடி நடப்பது. தத்தளிப்பவர் கிடைத்ததைப் பற்றி ஏறுவார், அது ஆளாக இருந்தாலும். அதனால் முதலில் ஆள் இறங்கக்கூடாது, பொருள்தான் போகவேண்டும். மூடி இறுக்கிய வெறும் 5 லீற்றர் கேன் ஏறக்குறைய 5 கிலோ பாரத்தைத் தாங்கும். வளர்ந்த ஒருவரின் வாயும் மூக்கும் தண்ணீருக்கு மேலே நிற்க அது போதும். முழுக்க வெறுமையாக எறிந்தால் காற்று திருப்பிவிடும். அடியில் கொஞ்சம் மட்டும் தண்ணீர் விட்டு மூடவேண்டும். மூடிக்குள் வாஷர் இல்லாத கேன் வேண்டாம், மெல்லக் கசிந்து மூழ்கும்.

கயிறு 20 மீற்றர், சுண்டுவிரல் பருமன். அதைவிட மெல்லியது கையை அறுக்கும். வாங்குமுன் ஒரு துண்டை வாளித் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். மிதந்தால் வாங்கலாம், மூழ்கினால் கல்லிலும் காலிலும் சிக்கும். சுருட்டி வைத்தால் எறியும்போது முடிச்சு விழும், அதனால் ஒரு பையில் கொஞ்சம் கொஞ்சமாகத் திணித்து வைக்கவேண்டும். மறுமுனையைக் காலால் மிதித்துக்கொள்ளவேண்டும் அல்லது மரத்தில் கட்டவேண்டும். கையில் சுற்றினால் எறிந்தவரும் போவார். கேனைக் கீழிருந்து வீசி, ஆளைத் தாண்டி விழச் செய்யவேண்டும். அப்போதுதான் கயிறு தோளில் விழும். ஆளைக் குறிவைத்தால் கேன் முகத்தில் அடிக்கும். பிடித்ததும் கேனை நெஞ்சோடு அணைத்து மல்லாரச் சொல்லிக் கத்தவேண்டும். இழுப்பவர் உட்கார்ந்துகொண்டு ஒரே சீராக இழுக்கவேண்டும், வெடுக்கென்று இழுத்தால் பிடி நழுவும்.

அன்றைக்குக் கரையில் எல்லோரும் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள். நீங்கள் மூடியைத் திருகி இறுக்கிப் பார்த்துவிட்டுத்தான் எறிந்தீர்கள். அந்த ஒரு நொடி எங்கள் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது, அண்ணா.

ஒருத்தி கட்டார் போகிறாள், ஒருவன் கொழும்புக்கு, ஒருத்திக்குக் கல்யாணம், இன்னொருத்தி கம்பஸ். பிரிவதற்கு முன் சேர்ந்து கடல் பார்க்க வந்த கூட்டம் நாங்கள். இனி எப்போது இப்படிச் சேருவோமோ தெரியாது. அதனால் ஒரு முடிவு எடுத்திருக்கிறோம். எங்கள் பக்கம் பிள்ளைகள் குளிக்கும் ஓயாத் துறைகளில் கேனும் கயிறும் தொங்கும். நல்ல தண்ணீரில் உடம்பு கடலைவிடக் குறைவாகத்தான் மிதக்கும். மலைத் தண்ணீரின் குளிருக்கு முதல் நிமிடம் மூச்சு தானாக இழுத்துக்கொள்ளும், வாய்க்குள் தண்ணீர் போவது அப்போதுதான். கேனின் தேவை நமக்கு இங்கே இன்னும் அதிகம். காசல்ரீ, மவுஸ்ஸாக்கலை நீர்த்தேக்கங்களின் பக்கத்து நண்பர்களும் செய்யலாம். ஆனால் அணையின் வான் கதவு திறக்கும் சைரன் கேட்டால் கேனை நம்பாமல் மேலே ஏறிவிடுங்கள்.

கயிறு மாடு கட்டப் போகும், கேன் மண்ணெண்ணெய் வாங்கப் போகும். அது தெரிந்ததுதான். கேனில் இரண்டு இடத்தில் சிவப்புப் பெயின்ட் அடித்து, காணாமல் போனால் மாற்றப் பணமும் ஒதுக்கியிருக்கிறோம். வெளியூர் போகிறவர்கள் பணம் தருவார்கள், தோட்டத்தில் இருப்பவர்கள் மாதம் ஒருமுறை மூடியையும் முடிச்சையும் பார்ப்பார்கள். வெயிலில் பிளாஸ்டிக் நொறுங்கும், ஆகவே வருடம் ஒரு புதுக் கேன்.

அண்ணா, உங்கள் கயிறு எங்கள் பையோடு வந்துவிட்டது. அடுத்த வாரம் மட்டக்களப்பு பஸ்ஸில் செங்கலடி வரை கொடுத்தனுப்புகிறோம், கூடவே ஒரு கிலோ தேயிலையும். இதற்கும் காசு பேசக்கூடாது.

நன்றியுடன்,
பசறைப் பக்கத்து நண்பர்கள்