சட்டம் படிக்க லண்டன்தான் போகவேண்டுமா?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். பல்கலைக்கழக இடத்தை ஏற்பதற்கான கெடு மே மாதக் கடைசியில் வருகிறது. என் தங்கை மகளுக்குச் சட்டம் படிக்க இரண்டு இடங்கள் கிடைத்திருக்கின்றன. ஒன்று, கிளமெண்டி சாலையில் இருக்கும் சிங்கப்பூர் சமூக அறிவியல் பல்கலைக்கழகம். இன்னொன்று லண்டனில். சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்திலும் சிங்கப்பூர் நிர்வாகப் பல்கலைக்கழகத்திலும் நேர்காணல் வரை போய்க் கிடைக்கவில்லை. சொந்தபந்தம் மொத்தமும் இப்போது லண்டன் பக்கம் நிற்கிறது. "கடன உடன வாங்கியாவது அனுப்புங்க" என்கிறார்கள். குடும்ப வழக்குகளை எடுத்து நடத்தவேண்டும் என்பது பிள்ளையின் ஆசை. அதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வேறு வீடுகளிலும் இதே பேச்சு நடக்கும் என்பதால் எழுதுகிறேன்.

முதலில் பணம். லண்டனில் அவள் கட்டவேண்டிய கட்டணம் ஆண்டுக்கு 30,000 பவுண்டுக்கு மேல். மூன்று ஆண்டுகளுக்குக் கட்டணம் மட்டுமே ஒன்றரை லட்சம் சிங்கப்பூர் வெள்ளியைத் தாண்டிவிடும். தங்குமிடம், சாப்பாடு, விமான டிக்கெட் எல்லாம் தனி. உள்ளூரில் கல்வி அமைச்சின் மானியமும் கட்டணக் கடனும் உண்டு. அப்பாவின் மத்திய சேமநிதியிலிருந்தும் எடுத்துக் கட்டி, படித்து முடித்த பிறகு வட்டியோடு திருப்பிப் போடலாம். வெளிநாட்டுப் படிப்புக்கு அந்த நிதியைத் தொட முடியாது. அவளுடைய அப்பா, என் மைத்துனர், பேருந்து ஓட்டுநர். லண்டன் என்றால் அவர் வீட்டை விற்றுச் சின்ன வீட்டுக்குத்தான் மாறவேண்டும்.

"அங்கே மூணே வருஷம், இங்கே நாலு" என்று ஒரு கணக்குச் சொல்கிறார்கள். லண்டனில் படித்துத் திரும்புகிறவர்கள் இங்கே வழக்கறிஞராக முதலில் பகுதி ஏ என்ற தகுதித் தேர்வு எழுதவேண்டும். உள்ளூர்ப் பட்டதாரிகளுக்கு அது கிடையாது. அப்புறம் எல்லாருக்கும் பொதுவான பகுதி பி தேர்வு. அதற்கும் மேலே, எல்லாருக்கும் உள்ள தொழிற்பயிற்சி முன்பு ஆறு மாதமாக இருந்தது, இப்போது ஓராண்டு. பகுதி ஏ எழுதி முடிப்பதற்குள், மிச்சப்படும் என்று சொல்லும் அந்த ஒரு வருஷத்தில் பாதிகூடக் கையில் நிற்காது. இன்னொன்றும் கவனிக்கவேண்டும். வழக்கறிஞர் தொழிலுக்கு நம் நாட்டு அங்கீகாரம் பெற்ற பிரிட்டிஷ் பல்கலைக்கழகங்கள் ஒரு காலத்தில் 19 இருந்தன. 2016 முதல் 11தான். இவளுக்குக் கிடைத்தது அந்தப் பட்டியலில் இருக்கிறது. இல்லாத இடத்தில் முன்பணம் கட்டிவிடாதீர்கள், பெற்றோர்களே.

இந்தக் கணக்கையெல்லாம்விட எனக்கு ஆற்றாமையாக இருப்பது, கிளமெண்டி என்றதும் முகம் சுளிக்கிறார்களே, அதுதான். 2017ல் அந்தச் சட்டப்பள்ளியைத் தொடங்கியதே குற்றவியல், குடும்பச் சட்டத் துறைகளுக்கு ஆள் போதவில்லை என்பதால்தான். இந்தப் பிள்ளை கேட்பதும் அதே வேலை! நான் நீதிமன்றத்தில் தமிழ் மொழிபெயர்ப்பாளராக இருந்து ஓய்வுபெற்றவன். பராமரிப்புத் தொகை கேட்டு வரும் நம் பெண்களை நாள்தோறும் பார்த்திருக்கிறேன். ஒரு பெண் பால்மாவு ரசீது, பள்ளிப் பேருந்து ரசீது, மருந்துச் சீட்டு எல்லாவற்றையும் ஒரே பிளாஸ்டிக் பையில் திணித்துக்கொண்டு வந்திருந்தார். அவருக்காக வந்த இளம் வழக்கறிஞர் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து அத்தனையையும் மாதவாரியாகப் பிரித்து அடுக்கினார். "அக்கா, மார்ச் மாசப் பஸ் ரசீது மட்டும் காணோமே" என்று தமிழிலேயே கேட்டார். அந்தப் பெண் கைப்பையின் உள்ஜிப்பைத் திறந்து எடுத்துக் கொடுத்தார். உள்ளே போனபோது நீதிபதி கேட்ட ஒவ்வொரு தொகைக்கும் பதில் தயாராக இருந்தது. அந்த வழக்கறிஞர் எந்தப் பல்கலைக்கழகம் என்று நான் கேட்டதில்லை, அந்தப் பெண்ணும் கேட்டிருக்க மாட்டார்.

பெரிய வணிக நிறுவனத்தில் சேர்ந்து நாடு நாடாக ஒப்பந்தம் பேசவேண்டும் என்று ஒரு பிள்ளை ஆசைப்பட்டால், வசதியும் இருந்தால், லண்டன் சரிதான். நானே அனுப்பச் சொல்வேன். குடும்ப வழக்கிலும் குற்ற வழக்கிலும் வருமானம் அந்த அளவுக்கு வராது. ஒன்றரை லட்சம் வெள்ளிக் கடனைத் தலையில் வைத்துக்கொண்டு அந்த வேலைக்குப் போக முடியுமா? வட்டி கட்டுவதற்காகவே பிடிக்காத வேலையில் உட்காரவேண்டி வரும். 2022 இறுதியில் அரசாங்கமே வசதி குறைந்தவர்களுக்காகப் பொதுத் தற்காப்பு வழக்கறிஞர் அலுவலகத்தைத் திறந்திருக்கிறது. அங்கெல்லாம் தமிழ் பேசத் தெரிந்த வழக்கறிஞர்கள் போய் உட்காரவேண்டும் என்பது என் பெரிய ஆசை.

ஆசிரியருக்கு ஒரு வேண்டுகோள். கெடுவுக்கு முன்னால் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். மூன்று உள்ளூர்ச் சட்டப்பள்ளிகளிலும் லண்டனிலும் படித்த நம் இளம் வழக்கறிஞர்கள் சிலரிடம், கடன் எவ்வளவு மிச்சம் இருக்கிறது, பயிற்சி இடம் எப்படிக் கிடைத்தது, இன்று என்ன வழக்கு பார்க்கிறார்கள் என்று கேட்டுப் போடுங்கள். என் மைத்துனர் ஆங்கிலக் கையேடுகளைப் படிக்கமாட்டார். உங்கள் பத்திரிகையை ஒரு வரி விடாமல் படிப்பார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர்,
ஈசூன்