ஆல்-டெரெய்ன் டயருக்கு ஒரே மதிப்பெண் போதாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் வாகனப் பக்கத்தில், ரோட்டிலும் சேறு, மணல், கல் போன்ற தரைகளிலும் ஓட்டுவதற்கான ஆல்-டெரெய்ன் டயர்களை ஒப்பிட்டு அண்மையில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். தார், ஜிம்னி, கூர்கா போன்ற ஃபோர் வீல் டிரைவ் வண்டிகள் சிறு நகரங்களிலும் சாதாரணமாகக் கண்ணில் படும் இந்நாளில் அப்படியொரு கட்டுரை தேவையானதே. ஆனால் ஒவ்வொரு டயருக்கும் பத்துக்கு இத்தனை என்று ஒரே மதிப்பெண் போட்டு முடித்திருப்பது, போடிமெட்டுக்கு மேலே ஏலத்தோட்டம் வைத்திருக்கும் என்னைப் போன்றவர்களுக்கு உதவாது என்பதோடு, சில வேளைகளில் தவறான டயரை வாங்கவும் வைத்துவிடும். எந்தத் தரையில், எவ்வளவு காற்றில், எவ்வளவு பாரத்தோடு, எந்த அளவு தேய்ந்த நிலையில் ஓட்டிப் பார்த்தீர்கள் என்ற நான்கையும் சேர்த்துச் சொன்னால்தான் அந்த மதிப்பெண்ணுக்குப் பொருள் உண்டு.

தமிழ்நாட்டிற்குள்ளேயே தரையின் குணம் எவ்வளவு மாறுகிறது என்று பாருங்கள். தூத்துக்குடி மாவட்டத்துத் தேரிக்காட்டின் செம்மணலில் டயர் மணலைத் தோண்டாமல் அதன் மேல் மிதந்தாற்போலச் செல்ல வேண்டும். அங்கே பட்டனின் (டயரின் மேற்பரப்பில் துருத்தி நிற்கும் ரப்பர்க் கட்டியின்) ஆழத்தைவிடத் தரையில் படியும் பரப்பே முக்கியம், ஆழமான பட்டன் சில நேரம் வண்டியைப் புதைப்பதற்கே உதவும். கோவில்பட்டி, விளாத்திகுளம் பக்கத்துக் கரிசல் காய்ந்து கிடக்கும்போது எந்த டயரும் ஓடும். ஒரு நல்ல மழை பெய்துவிட்டால் அந்தக் களி பட்டன்களின் இடைவெளியை நிரப்பி, அதன்மேல் அடுத்த அடுக்கு ஒட்டி, சக்கரம் மட்கார்டில் உரசும்வரை பருத்துவிடும். ஏலமலையில் சருகு மக்கிய மேல்மண் வழுக்கும். அதற்கடியில் கல்லும் மண்ணும் இறுகிய கெட்டித் தரை இருக்கும். சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஏறும் ஜீப் பாதையிலோ மண்ணைவிடப் பெயர்ந்து கிடக்கும் கற்களே அதிகம். அங்கே பட்டனைவிட டயரின் பக்கவாட்டுச் சுவர்தான் அடி வாங்குகிறது. மணலில் ஒன்பதும் சேற்றில் நான்கும் பெறும் டயருக்குச் சராசரி ஆறரை. இரண்டிலும் ஆறரை பெறும் டயருக்கும் அதே ஆறரைதான். மலைக்காரர் இவ்விரண்டில் எதை வாங்குவது என்பதைக் கட்டுரையை வைத்து முடிவுசெய்ய முடியாது.

அகலமான டயர் என்றால் சிறந்த டயர் என்று கட்டுரை எடுத்துக்கொண்டிருப்பதும் எல்லாத் தரைக்கும் பொருந்தாது. தேனி மாவட்டத்திலிருந்து இடுக்கி மாவட்டத்துத் தோட்டங்களுக்கு நாள்தோறும் தொழிலாளர்களை ஏற்றிச் செல்லும் பழைய மஹிந்திரா ஜீப்புகளில் 6.00-16 என்ற ஒடுக்கமான டயரே நெடுங்காலம் ஓடியது. பார்வைக்கு மெலிந்த டயர்தான், ஆனால் ஒரு சாண் சேற்றுக்கு அடியில் கெட்டித் தரை இருக்கும் எங்கள் மண் ரோட்டில் அது சேற்றை வகிர்ந்து கீழே இறங்கி, பிடிப்பு எங்கே இருக்கிறதோ அங்கே போய் நிற்கும். அகலமான டயர் அதே சேற்றின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு பக்கவாட்டில் சறுக்கும். அடியில் கெட்டித் தரையே இல்லாத தேரி மணலில் இது அப்படியே தலைகீழாகும். புதிய வண்டிகளின் ரிம்மில் அந்தப் பழைய அளவைப் பொருத்த முடியாது என்பது உண்மைதான். இருந்தாலும் கம்பெனி அளவைவிட அகலமாகப் போடச் சொல்வதற்கு முன் எந்தத் தரைக்கு என்று கேட்டிருக்க வேண்டாமா?

சேற்றுப் பரிசோதனையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். கட்டுரையுடன் வந்த படத்தில் வண்டி சேற்றை இருபுறமும் வாரி இறைத்துக்கொண்டு பாய்கிறது. பட்டன்கள் தம்மைத் தாமே நன்றாகச் சுத்தம் செய்துகொள்கின்றன என்று அதற்குக் கீழே எழுதப்பட்டுள்ளது. பட்டன் இடுக்கில் சிக்கிய மண்ணை வெளியே எறிவது சக்கரத்தின் சுழற்சி வேகம். அந்த விசை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. மணிக்கு 40 கிலோமீட்டரில் சுழலும் சக்கரம் மண்ணை எறியும் விசையோடு ஒப்பிட்டால், பாரம் ஏற்றிய ஜீப் லோ கியரில் மணிக்கு 5 கிலோமீட்டரில் ஊர்ந்து ஏறும்போது கிடைப்பது 64-இல் ஒரு பங்குதான். தோட்டத்து ஏற்றத்தில் பாதி வழியில் வண்டியை நிறுத்திக் கட்டை கொடுத்துவிட்டுக் குனிந்து பார்த்தால், பட்டன்களின் மூலைகள் மட்டும் ஆங்காங்கே கறுப்பாகத் தெரியும். மற்ற இடமெல்லாம் பழுப்பு மண்ணும் ஏலச் சருகும் பொடிக்கல்லும் சேர்ந்து மெழுகிவிட்டாற்போல அடைத்திருக்கும். அந்த நிலையில் அது ஆல்-டெரெய்ன் டயரா, சாதாரண ரோட்டு டயரா என்ற வேறுபாடே குறைந்துவிடுகிறது. ஆகவே சேற்றில் ஊர்ந்து ஏறும்போதும், அதைவிடக் கடினமாக, ஊர்ந்து இறங்கும்போதும் டயர் எப்படி நடந்துகொள்கிறது என்பதைத் தனியாகப் பார்க்க வேண்டும். பாய்ந்து போவது படத்துக்கு அழகாக இருக்கும். பாரத்தோடு போகிறவர் யாரும் பாய்வதில்லை.

காற்றழுத்தத்தைப் பற்றிக் கட்டுரை ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. ஒரே டயர் 30 பிஎஸ்ஐ காற்றில் ஒரு டயர், 18 பிஎஸ்ஐ காற்றில் வேறொரு டயர். காற்றைக் குறைத்தால் தரையில் படியும் பகுதி முக்கியமாக நீளத்தில் கூடுகிறது; கல்லின் மேல் துள்ளிக் குதிக்காமல் அதைத் தழுவிக்கொண்டு உருள்கிறது; மணலில் புதைவது குறைகிறது. அதே நேரத்தில் பக்கவாட்டு வெளியே பிதுங்கிக் கூர்க்கல்லுக்கு இலக்காகிறது. மிகவும் குறைத்துவிட்டு ஸ்டியரிங்கைச் சட்டென்று ஒடித்தால் டயரின் விளிம்பு ரிம்மை விட்டுக் கழன்றுவிடுவதும் உண்டு. குறைத்த காற்றோடு தார்ச்சாலையில் வேகமாக ஓட்டினால் பக்கவாட்டு சூடேறிக் கெட்டுப்போகும் என்பதால், கம்ப்ரசர் கையில் இல்லாதவருக்குக் காற்றைக் குறைக்கச் சொல்வதே தவறான யோசனை. சோதித்த டயர்கள் அனைத்திலும் ஒரே அழுத்தம் இருந்ததா, கம்பெனி கதவோரத்தில் ஒட்டிய ஸ்டிக்கரில் உள்ள அழுத்தமா, மணலுக்கும் கல்லுக்கும் மாற்றினார்களா என்பதெல்லாம் தெரியாதபோது ஒரு டயர் மற்றொன்றை வென்றது என்ற முடிவை எப்படி ஏற்பது? எல்டி (லைட் டிரக்) என்று குறிக்கப்பட்ட, உள்கட்டு தடித்த டயர்களைச் சாதாரணக் கார் வகை டயர்களோடு ஒரே வரிசையில் வைத்திருப்பதால் இந்தக் கேள்வி இன்னும் கூர்மையாகிறது. அதே பாரத்தைத் தாங்க எல்டி வகைக்குக் கூடுதல் காற்று வேண்டும். பழைய ஸ்டிக்கரின் எண்ணையே அதற்கும் வைத்தால் குறைந்த காற்றில் ஓடுவதாக ஆகிவிடும்.

பாரமும் அப்படித்தான். டயரின் பக்கவாட்டில் அளவுக்குப் பின்னால் வரும் எண் அது தாங்கும் எடையைக் குறிக்கும். 111 என்றால் 1,090 கிலோ, 116 என்றால் 1,250 கிலோ. தங்கள் கட்டுரையாளர் தாமும் படக்காரருமாக இரண்டு பேர் மட்டும் சென்றதாக எழுதியிருக்கிறார். உர மூட்டைகளும் ஆட்களும் நிறைந்த வண்டியின் பின் டயர் கல்லில் நசுங்குவது அந்தச் சோதனையில் தெரிய வாய்ப்பே இல்லை. பட்டனில் ஏறிய ஆணிக்குப் பஞ்சர் கடையில் வழி உண்டு, பக்கவாட்டுக் கிழிசலுக்கு அந்த டயரைக் கழற்றி ஸ்டெப்னியை மாட்டுவதைத் தவிர வேறு வழியில்லை. எங்கள் ஊர் ஓட்டுநர்கள் புது டயர் வாங்கும்போது பட்டனைப் பார்ப்பதற்கு முன்னால் பக்கவாட்டைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பது இதனால்தான். விரலால் அழுத்தி உள்கட்டின் வலிமையை அளந்துவிட முடியாது என்பது அவர்களுக்கும் தெரியும். ஆனாலும் அவர்கள் கவலை சரியான இடத்தில் இருக்கிறது.

நான் மிகவும் வற்புறுத்த விரும்புவது நனைந்த தார்ச்சாலையைப் பற்றி. மலையடிவாரத்து முந்தலிலிருந்து போடிமெட்டு வரை 17 கொண்டை ஊசி வளைவுகள். மழைக்காலத்தில் மூடுபனியும் சேர்ந்துகொள்ளும். தோட்டத்துக்குள் சேற்றில் ஓடும் தூரம் கொஞ்சம், இந்தத் தார்ச்சாலையில் ஏறி இறங்கும் தூரமே அதிகம். சேற்றில் டயர் கைவிட்டால் வண்டி பெரும்பாலும் நின்றுவிடும். இறக்கத்து வளைவில் நனைந்த தாரில் கைவிட்டால் பள்ளத்தில்தான் போய் நிற்கும். ஆல்-டெரெய்ன் டயரில் பட்டன்களுக்கு இடையே வெற்றிடம் கூடுதல் என்பதால் தாரைத் தொடும் ரப்பர் குறைவு. கல்லில் பெயர்ந்துவிடாமலிருக்க ரப்பரையும் இறுக்கமாகச் சேர்ப்பதுண்டு. உயரமான பட்டன்கள் பிரேக் பிடிக்கும்போது வளைந்து கொடுக்கும். பட்டன்மேல் நெருக்கமாகக் கீறிய மெல்லிய வெட்டுகள் இந்தக் குறையை ஓரளவு ஈடுகட்டும், அதில்தான் ஒரு தயாரிப்புக்கும் மற்றொன்றுக்கும் பெரிய வேறுபாடு. மழையில் தார்ச்சாலை இறக்கத்தில் பிரேக் போட்டுப் பார்க்காத ஆல்-டெரெய்ன் மதிப்பீட்டை நான் பாதி மதிப்பீடு என்றே கொள்வேன்.

இன்னொன்று, சோதிக்கப்பட்டவை எல்லாம் புத்தம் புதியவை. புது ஆல்-டெரெய்ன் டயரின் பட்டன் ஆழம் பெரும்பாலும் 10 மில்லிமீட்டருக்கும் கூடுதலாக இருக்கும். நான்கு சக்கர வண்டிகளுக்குச் சட்டம் கேட்கும் குறைந்த அளவோ 1.6 மில்லிமீட்டர்தான். அந்த 1.6 சட்டத்துக்குப் போதும், சேற்றுக்கு அதற்கு வெகு முன்னரே டயர் பயனற்றதாகிவிடும். பாதி தேய்ந்தபோது மெல்லிய வெட்டுகள் அடிவரை தொடர்கின்றனவா, அல்லது மறைந்து பட்டன் மொழுமொழுவென்று ஆகிவிடுகிறதா, இடுக்கில் சிக்கும் கல்லை வெளியே தள்ளுவதற்காகப் பள்ளத்தின் அடியில் வைத்திருக்கும் சிறு மேடுகள் அப்போதும் வேலை செய்கின்றனவா என்பதையெல்லாம் பாதி தேய்ந்த டயரில் பார்த்தால்தான் தெரியும். சராசரிக் குடும்பம் ஒரு செட் டயரைப் பல ஆண்டுகள் ஓட்டுகிறது. புதிதாக இருக்கும் சில மாதங்களுக்கு மட்டும் மதிப்பெண் போடுவதில் என்ன பயன்?

பக்கவாட்டு முத்திரைகளை நம்பி வாங்குங்கள் என்ற அறிவுரையையும் திருத்த வேண்டும். ஆல்-டெரெய்ன் என்பதைக் குறிக்கும் ஏ/டி என்ற எழுத்துகளுக்கு இத்தனை பிடிப்பு இருந்தாக வேண்டும் என்ற சட்ட வரையறை எதுவும் கிடையாது. தயாரிப்பாளர் தம் கணிப்பில் பொறித்துக்கொள்வது. சேற்றையும் பனியையும் குறிக்கும் எம் பிளஸ் எஸ் முத்திரையும் பட்டன் அமைப்பை வைத்துத் தயாரிப்பாளரே இட்டுக்கொள்வதுதான். மூன்று சிகரம் கொண்ட மலைப்படத்துக்குள் பனிப்படிகம் வரைந்த முத்திரைக்கு உண்மையான சோதனை உண்டு, ஆனால் அது பனியில் நடக்கும் சோதனை. லடாக் போகிறவருக்குப் பயன்படலாம், போடிமெட்டில் அதைக் காட்டிக் கூடுதல் விலை கேட்பது வேடிக்கை. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2022 ஜூனில் அறிவித்த ஏஐஎஸ் 142 தரநிலை உருளும்போது ஏற்படும் தடை, நனைந்த சாலைப் பிடிப்பு, ஒலி ஆகிய மூன்றையும் அளக்கிறது. சேறு, மணல், கல் எதுவும் அதில் இல்லை. ஆகவே அந்தப் பகுதியைச் செய்ய வேண்டியவர்கள் பத்திரிகைகள்தான்.

அளவு மாற்றுவது பற்றி ஒரு சிறு கணக்கு. ஜிம்னியின் 195/80 ஆர்15 டயரின் விட்டம் 693 மில்லிமீட்டர். கட்டுரை பரிந்துரைக்கும் 235/75 ஆர்15-இன் விட்டம் ஏறத்தாழ 733. வேறுபாடு கிட்டத்தட்ட 6 சதவீதம் என்பதால் ஸ்பீடோமீட்டர் முள் எந்த எண்ணைக் காட்டினாலும் முன்பு ஓடியதைவிட வண்டி அத்தனை சதவீதம் கூடுதலாக ஓடும். மலை ஏற்றத்தில் முதல் கியரின் இழுவையும் அதே விகிதத்தில் குறையும். இவ்வளவையும் எழுதாமல் 'தோற்றம் கம்பீரமாகிறது' என்று மட்டும் எழுதியிருப்பது விளம்பரத்துக்குப் பொருந்தும்.

தாங்கள் அடுத்த மதிப்பீட்டை நடத்தும்போது சராசரியை விட்டுவிட்டு ஒவ்வொரு தரைக்கும் தனி முடிவை, காற்றழுத்தமும் ஏற்றிய எடையும் குறிப்பிட்டு வெளியிட வேண்டுகிறேன். டயரில் வாரத்தையும் ஆண்டையும் காட்டும் நான்கு இலக்கத் தயாரிப்பு எண்ணையும் சேர்த்துப் போடுங்கள். மெதுவாக விற்கும் அளவுகள் கடையில் கிடந்து ரப்பர் இறுகிப்போவதால் வாங்குபவருக்கு அது உதவும். சோதனைக்காகக் காப்புக்காட்டுக்குள் அனுமதியின்றி வண்டியை இறக்க வேண்டிய அவசியம் இல்லை, அது குற்றமும்கூட. ஐப்பசி மழையில் எங்கள் பக்கத்துத் தனியார் தோட்டத்துப் பாதைகளே போதும். உரிமையாளர்களின் இசைவைப் பெற்றுத் தரவும், மூட்டைகளோடு வண்டியையும் பாதி தேய்ந்த டயர்களையும் ஏற்பாடு செய்யவும் நான் ஆயத்தமாக இருக்கிறேன்.

இங்ஙனம்,
ஏலத்தோட்ட விவசாயி ஒருவர்,
போடிநாயக்கனூர்.