அண்ணன் அனுப்பிய ஃபேக்ஸ்கள்

தென்காசி

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. பேரனுக்குக் காய்ச்சல் விட்டது என்று படித்ததும் நிம்மதி. இங்கே இந்த வருஷம் சாரல் நன்றாக விழுந்தது. உடனே பதில் எழுத முடியவில்லை. பதினைந்து நாளாகப் பழைய கம்ப்யூட்டரின் ஹார்ட் டிஸ்க்கோடு உட்கார்ந்திருக்கிறேன். அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

தை மாதம் அண்ணனுக்கு எழுபது. பிள்ளைகள் பீமரத சாந்திக்கு ஏற்பாடு செய்கிறார்கள். மஸ்கட்டில் இருந்தபோது அண்ணன் அனுப்பிய ஃபேக்ஸ்களையெல்லாம் சேர்த்து, ஒரு புத்தகமாகக் கட்டி அவர் கையில் கொடுக்கவேண்டும் என்று எனக்கு ஆசை.

முதலில் அம்மாவின் டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். 1995 முதல் 2001 வரை உன் எஸ்.டி.டி. பூத்துக்கு வந்த ஃபேக்ஸ்கள் எல்லாம் அதில்தான் இருந்தன. பூத்தைச் சாத்திவிட்டு ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் சைக்கிளில் வந்து கொடுப்பாயே, அதே தாள்கள். ஒவ்வொன்றாக எடுத்துப் பிரித்தேன். எல்லாம் வெள்ளை. ஒன்றில் மட்டும் மேல் ஓரத்தில் சாம்பல் பூத்த மாதிரி 'அன்புள்ள அம்மாவுக்கு' என்று பாதி தெரிந்தது. அந்த வழுவழுப்பான ரோல் தாளில் மை கிடையாது. மேலே பூசியிருக்கும் ரசாயனம் சூடு பட்டுக் கறுப்பதுதான் எழுத்து. வெயில், புழுக்கம், பிளாஸ்டிக் எதுவுமே அதற்கு ஆகாது. பத்திரமாக இருக்கட்டும் என்று அம்மா ஒவ்வொரு தாளையும் பிளாஸ்டிக் கவரில் போட்டு வைத்திருந்தாள். அதுவே எழுத்தைத் தின்றுவிட்டது. அன்று ராத்திரி எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அப்புறம்தான் கம்ப்யூட்டர் நினைவுக்கு வந்தது. 2002-இல் வாங்கினோமே, விண்டோஸ் எக்ஸ்பி போட்டது, போன் லைனோடு சேர்க்கும் 56கே மோடம் உள்ளேயே வைத்தது. எக்ஸ்பியில் ஃபேக்ஸ் வசதி தானாக வராது. கண்ட்ரோல் பேனலில் போய், சிடியைப் போட்டுத் தனியாகச் சேர்க்கவேண்டும். அது தெரியாமல் நாம் இரண்டு பேரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க மோடத்தைக் குறை சொல்லிக்கொண்டிருந்தோம், ஞாபகமிருக்கிறதா?

வெள்ளிக்கிழமை அண்ணனுக்கு லீவு. அவருடைய ஆபீஸ் மிஷினிலிருந்து அனுப்புவார். வீட்டில் ஒரே லைன் என்பதால் போனை அம்மாதான் முதலில் எடுப்பாள். மூன்று விநாடிக்கு ஒருமுறை கீச்சென்று ஒரு சத்தம். ஃபேக்ஸ் கூப்பிடுகிறது என்பதற்கு அடையாளமான 1100 ஹெர்ட்ஸ் ஒலி அது. "ஏலே, பெரியவன் வந்துட்டான்!" என்று அம்மா கத்துவாள். நான் ஓடிப்போய், உடனே வாங்கிக்கொள்வதற்கான பொத்தானை அழுத்துவேன். மோடம் 2100 ஹெர்ட்ஸில் பதில் கொடுக்கும், இரண்டு மிஷினும் வேகத்தைப் பேசி முடிக்கும், ஒரு நிமிஷத்துக்குள் ஒரு பக்கம் வந்துவிடும். அந்த ஒரு நிமிஷத்தில் போனில் பேசினால் சௌக்கியமா என்று கேட்பதற்கே சரியாக இருக்கும். தாளில் என்றால் ஒரு பக்கக் கடிதம்.

மெயில் அனுப்பலாமே என்று நீ அப்போது கேட்டாய். தமிழில் அனுப்புவதுதான் சிக்கலாக இருந்தது. 1999-இல் சென்னையில் தமிழ்நெட் 99 மாநாடு நடத்தி டாம், டாப் என்று தமிழ் எழுத்துக் குறியீட்டுக்குத் தரம் வகுத்தார்கள். ஆனாலும் ஆளுக்கொரு எழுத்துரு வைத்திருந்தார்கள், ஒருவர் அனுப்பியது இன்னொருவர் திரையில் குப்பையாகத்தான் தெரியும். ஃபேக்ஸுக்கு அந்தக் கவலையே இல்லை. நான் வேர்டில் என்னிடம் இருந்த தமிழ் எழுத்துருவில் தட்டச்சு செய்து, பிரிண்ட் கொடுக்கும்போது பிரிண்டருக்குப் பதிலாக ஃபேக்ஸ் என்பதைத் தேர்ந்தெடுப்பேன். எழுத்து அந்த இடத்திலேயே வெறும் கறுப்பு வெள்ளைப் புள்ளியாகிவிடும். மஸ்கட்டில் எந்த எழுத்துருவும் வேண்டாம். அங்கிருந்து அண்ணன் கையாலேயே எழுதி அனுப்புவார். தமிழுக்கு அன்றைக்கு இதைவிட நல்ல வழி இல்லை என்று இப்போதும் சொல்வேன்.

சரி, ஹார்ட் டிஸ்க் கதைக்கு வருகிறேன். பழைய ஐடிஇ டிஸ்க்கை யுஎஸ்பியில் சேர்க்கும் அடாப்டர் ஒன்று வாங்கி மாட்டினேன். எம்எஸ்ஃபேக்ஸ் என்ற ஃபோல்டர் அப்படியே இருந்தது. உள்ளே எண்ணும் எழுத்துமாக நீளப் பெயர் வைத்த 63 டிஃப் படக் கோப்புகள். ஒன்றை போனுக்கு அனுப்பித் திறந்தால், அண்ணன் எழுத்து நசுங்கிக் கிடந்தது. குண்டு குண்டாக எழுதுவாரே, அதை மேலேயிருந்து யாரோ அமுக்கின மாதிரி. டிஸ்க் கெட்டுவிட்டது என்றுதான் பயந்தேன்.

கெடவில்லை. சாதாரணத் தரத்தில் அனுப்பும் ஃபேக்ஸில் குறுக்கே அங்குலத்துக்கு 204 புள்ளி, நெடுக்கே 98 வரிதான். ஒரு வரிக்கு 1728 புள்ளி, ஏ4 பக்கம் முழுக்க 1,140 வரி சொச்சம். எக்ஸ்பியோடு வந்த படம் பார்க்கும் நிரல் இதைப் புரிந்துகொண்டு சரியாகக் காட்டியது. போன் அப்படியில்லை, எல்லாப் புள்ளியும் சதுரம் என்று எடுத்துக்கொள்கிறது. அகலத்தைத் தொடாமல் உயரத்தை மட்டும் இரண்டு மடங்குக்குச் சற்று மேலாகக் கூட்டினேன். எழுத்து நிமிர்ந்தது. அண்ணனுடைய 'ழ' கீழே வால் சுழிந்து அடுத்த வரியைத் தொடும், உனக்குத் தெரியும். அந்தச் சுழியைப் பார்த்ததும் கண் கலங்கிவிட்டது.

இன்னொன்று, போன் முதல் பக்கத்தை மட்டும்தான் காட்டும். ஒரே டிஃப் கோப்புக்குள் நாலைந்து பக்கம் இருக்கலாம். இர்ஃபான்வியூ என்ற படம் பார்க்கும் நிரலில் பக்கங்களைத் தனித்தனியாகப் பிரித்து எடுத்தேன், மொத்தம் 148. ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் தேதி, நேரம், அனுப்பிய எண், பக்க எண் என்று மிஷினே அடித்த பொடி வரி இருக்கிறது. நேரம் மஸ்கட் நேரம், நமக்கு ஒன்றரை மணி பின்னால். வரிசைப்படுத்த அது ஒன்றே போதுமாக இருந்தது.

2003 ஆகஸ்டில் வந்த ஒரு பக்கத்தின் நடுவில் ஒரு விரல் அகலத்துக்குக் குறுக்கே கறுப்புக் கோடுகளாகச் சிதறிக் கிடக்கிறது. அடுக்களை எக்ஸ்டென்ஷன் போனை அம்மா தெரியாமல் எடுத்துவிட்ட நேரம் அது. எடுத்து, சத்தம் கேட்டு, உடனே வைத்துவிட்டாள். அவள் கை பட்ட இடம் அப்படியே பதிந்திருக்கிறது. அந்தப் பக்கத்தை நான் சுத்தம் செய்யப்போவதில்லை.

உன் மகள் விஷயம். அவளுடைய டாக்டர் ஆபீஸுக்கு இங்கிருந்து ஃபேக்ஸ் அனுப்ப முடியுமா என்று கேட்டிருந்தாயே. அமெரிக்காவில் டாக்டர் ஆபீஸ்கள் இன்னமும் ஃபேக்ஸ் கேட்கத்தான் செய்கின்றன. விண்டோஸில் ஃபேக்ஸ் அண்டு ஸ்கேன் என்ற நிரல் இப்போதும் இருக்கிறது, ஆனால் இன்றைய லேப்டாப்பில் மோடம் கிடையாது. யுஎஸ்பி மோடம் தனியாக வாங்கவேண்டும். உன் வீட்டு லைன் ஃபைபருக்கு மாறிவிட்டது என்றாயே, அதில் குரல் பொட்டலம் பொட்டலமாகப் போகும். பேச்சில் ஒரு பொட்டலம் விழுந்தால் காது பொறுத்துக்கொள்ளும், ஃபேக்ஸ் பொறுக்காது, பாதியில் அறுந்துவிடும். வேகத்தை விநாடிக்கு 9600 பிட்டாகக் குறைத்தால் சில சமயம் போகிறது. நீ அந்தப் பாடு படவேண்டாம். பிடிஎஃப் ஆக ஸ்கேன் செய்து மகளுக்கு அனுப்பிவிடு, அவள் அங்கே ஆன்லைன் ஃபேக்ஸ் சேவை ஒன்றில் ஏற்றி அனுப்பிக்கொள்வாள்.

இப்போது உன்னிடம் ஓர் உதவி. ஜெராக்ஸ் மிஷின் வாங்கிய பிறகு, 'இந்த ரோல் தாள் நிற்காது' என்று சொல்லி நீ சில ஃபேக்ஸ்களை ஜெராக்ஸ் எடுத்து வைப்பாய். பூத்தை மூடியபோது அந்தக் காகிதக்கட்டைக் கோயம்புத்தூருக்குக் கொண்டுபோனதாக ஞாபகம். பரணில் பார். கிடைத்தால் 300 டிபிஐயில் ஸ்கேன் செய்து அனுப்பு. அசல் ரோல் தாள் ஏதாவது அகப்பட்டால், பாதுகாக்கிறேன் என்று லேமினேஷன் மட்டும் போட்டுவிடாதே, அந்தச் சூட்டில் முழுத் தாளும் கறுத்துப்போகும். 1998 தீபாவளிக்கு அண்ணன் அம்மாவுக்கு எழுதிய மூன்று பக்கம்தான் எனக்கு முக்கியம். அதை நீதான் வாசலில் நின்று அம்மாவுக்கு வாசித்துக் காட்டினாய், அன்றைக்கு நான் ஊரில் இல்லை.

மதினியைக் கேட்டதாகச் சொல். தைக்கு இரண்டு பேரும் வந்துவிடுங்கள்.

அன்புடன்,
முருகேசன்