கிரௌதர் மீதான பழி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கால்டுவெல் பற்றிய தங்கள் தொடரை முதல் பகுதியிலிருந்தே விடாமல் வாசித்து வருகிறேன். சென்ற இதழில், கால்டுவெல் காலத்து ஆங்கிலிக்கன் பேராயர்களைக் குறிப்பிடும் இடத்தில், மேற்கு ஆப்பிரிக்காவின் பேராயர் சாமுவேல் அஜாயி கிரௌதரைக் கட்டுரையாளர் ஒரே வரியில் கடந்து போகிறார்: நல்ல மொழியறிஞர், ஆனால் திறமையற்ற நிர்வாகி. அந்த வரி என்னை மிகவும் வருத்தியது. அது கிரௌதரை முதுமையில் ஓரங்கட்டியவர்கள் தங்கள் செயலுக்கு நியாயமாகச் சொன்ன காரணம். நம் பத்திரிகையிலும் அது அப்படியே அச்சாகலாமா?

அவர் யார் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். இன்றைய நைஜீரியாவில், யோரூபா நாட்டின் ஒசோகுன் என்ற ஊரில் பிறந்தவர். 1821-ல் ஊர் சூறையாடப்பட்டபோது சிறுவன் அஜாயியை அடிமை பிடிப்போர் கொண்டுபோனார்கள். ஒருமுறை ஒரு குதிரைக்கு மாற்றாகக் கைமாற்றினார்கள். கைமாறிக் கைமாறிக் கடைசியில் போர்த்துக்கீசியக் கப்பலொன்றில் ஏற்றப்பட்டான். 1822 ஏப்ரலில் பிரிட்டிஷ் கடற்படையின் மிர்மிடன் கப்பல் அதை மறித்து, உள்ளே இருந்தவர்களை சியரா லியோனில் கரை சேர்த்தது. 1825-ல் ஞானஸ்நானம். 1827-ல் ஃபூரா பே கல்லூரி தொடங்கியபோது முதல் மாணவர்களில் ஒருவர். 1843-ல் லண்டனில் குருப்பட்டம்.

1846 ஆகஸ்டில் அபெயோகுட்டா நகரில் நடந்ததை மட்டும் என்னால் வேகமாகக் கடக்க முடியவில்லை. பிரிந்து இருபத்தைந்து ஆண்டுகள் ஆன தாய் அஃபாலா அங்கே மகனைத் தேடி வந்து சேர்ந்தார். இருவருக்கும் பேச்சு எழவில்லை என்று அவரே நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். 1848-ல் அந்தத் தாய் ஞானஸ்நானம் பெற்றபோது சூட்டப்பட்ட பெயர் அன்னாள். வேதாகமத்தில் சாமுவேலின் தாய் பெயரும் அதுதானே. சாமுவேலின் தாய்க்கு வேறென்ன பெயர் பொருந்தும்!

கட்டுரையாளர் அவரை மொழியறிஞர் என்றாரே, அது முழுக்க உண்மை. யோரூபா மொழிக்குச் சொற்பட்டியலும் இலக்கணமும் எழுதினார். ஒலியின் ஏற்ற இறக்கத்தால் ஒரு சொல்லின் பொருளே மாறிவிடும் மொழி அது என்பதால், அந்த ஏற்ற இறக்கங்களைப் பதிவு செய்வதில் மிகுந்த கவனம் காட்டினார். வேதாகம மொழிபெயர்ப்பில் குருவானவரைக் குறிக்க, அந்நாட்டில் இஸ்லாமிய அறிஞர்களுக்கு வழங்கிவந்த அலுஃபா என்ற சொல்லையே எடுத்துக்கொண்டார். மக்கள் நாவில் இருந்த சொல்லே போதும் என்ற துணிவு அது. பைபிள் தமிழில் எத்தனை சொற்களுக்காக நம் முன்னோர் சண்டையிட்டார்கள் என்று அறிந்தவர்களுக்கு இதன் அருமை புரியும்.

இப்போது நிர்வாகத்துக்கு வருகிறேன். 1864 ஜூன் 29 அன்று கேன்டர்பரி பேராலயத்தில் கிரௌதர் பேராயராக அபிஷேகம் பெற்றார். ஆங்கிலிக்கன் சபையின் முதல் ஆப்பிரிக்கப் பேராயர் அவரே. அவரை மீட்ட கப்பலின் தளபதியாக இருந்த லீக்கும், சியரா லியோனில் அவருக்கு எழுத்து கற்பித்த அம்மையாரும் அன்று அந்த ஆராதனையில் இருந்தார்கள். எல்லாம் மகிழ்ச்சிதான். ஆனால் அவர் கையில் கொடுக்கப்பட்ட திருமண்டலம் எது? பிரிட்டிஷ் அரசியின் ஆட்சி எல்லைக்கு அப்பாலுள்ள மேற்கு ஆப்பிரிக்க நாடுகள். அதாவது, லாகோஸ் 1861-லேயே பிரிட்டிஷ் குடியேற்றமாகிவிட்டதால், அவர் குடியிருந்த அந்த ஊரே அவர் அதிகாரத்தில் இல்லை. அவர் பிறந்து வளர்ந்த, மொழியும் மனிதர்களும் தெரிந்த யோரூபா நாட்டுச் சபைகளும் அவருக்குத் தரப்படவில்லை. காரணம் ஒன்றுதான். அங்கே வெள்ளைக்கார மிஷனரிகள் இருந்தார்கள். அபெயோகுட்டாவின் ஹென்றி டவுன்சென்ட், ஆப்பிரிக்கர் ஒருவருக்குக் கீழே ஐரோப்பியர் பணியாற்றுவதை வெளிப்படையாகவே எதிர்த்தவர்.

மிஞ்சியது நைஜர் ஆறு. 1841-ல் அந்த ஆற்றில் சென்ற பிரிட்டிஷ் பயணத்தில் சுமார் 40 ஐரோப்பியர் காய்ச்சலுக்குப் பலியானார்கள். கிரௌதரும் அதில் சென்றவர்தான். முகத்துவாரத்தில் போனி, மேலே ஒனிட்ஷா, இன்னும் மேலே லோகோஜா என்று ஆற்றின் போக்கில் நிலையங்கள் சிதறிக் கிடந்தன. அவற்றைப் பார்வையிடப் பேராயரிடம் சொந்தப் படகு கிடையாது. வியாபாரிகளின் கப்பல் எப்போது மேலே போகுமோ அப்போது போக வேண்டும், அது திரும்பும்போது திரும்ப வேண்டும். மிஷனுக்கென்று ஒரு நீராவிக் கப்பல் வந்ததே 1878-ல்தான். பேராயரான பிறகு பதினான்கு ஆண்டுகள்! 1867-ல் இடா அருகே ஒரு தலைவன் அவரைப் பிடித்து வைத்துக்கொண்டு பணயத்தொகை கேட்டான். அவரை மீட்கும்போது பிரிட்டிஷ் துணைத்தூதர் ஃபெல் அம்பு பாய்ந்து இறந்தார்.

நான் பல ஆண்டுகள் ஒரு கிராமச் சேகரத்தில் கமிட்டிச் செயலராக இருந்தவன். பஸ் போகும் சாலையில் உள்ள எட்டுச் சபைகளின் கணக்கை ஒழுங்காக வாங்குவதற்கே ஒவ்வோர் ஆண்டும் மூச்சு முட்டும். ஒரு சபைக்குப் போக ஆண்டுக்கு ஒரு கப்பல்தான் என்றால் நான் என்ன செய்திருப்பேன் என்று அடிக்கடி நினைத்துப் பார்க்கிறேன்.

குறைகள் இருந்தன, மறைக்க விரும்பவில்லை. அவருக்குக் கிடைத்த ஊழியர்களில் பெரும்பாலோர் சியரா லியோனிலிருந்து வந்தவர்கள். நைஜர் கரையின் மொழிகள் பலருக்கு அந்நியம். சிலர் குடித்தார்கள், சிலர் வியாபாரத்தில் இறங்கினார்கள், மிகக் கொடிய குற்றம் செய்து தண்டனை பெற்றவர்களும் உண்டு. கிரௌதர் தண்டிக்கத் தயங்கும் இயல்புடையவர், இன்னும் முன்பே கண்டிப்பைக் காட்டியிருக்கலாம் என்பதே என் எண்ணமும். ஆனால் அதே ஊழியர்களைக் கொண்டு போனியில் அவர் கட்டியெழுப்பியதையும் தராசில் வைக்க வேண்டாமா? ஊர் முழுவதும் புனிதமாகப் போற்றித் தொட அஞ்சிய உடும்புகளின் வழிபாட்டை 1867-ல் அவ்வூராரே கைவிட்டார்கள். பிறகு கிறிஸ்தவர்களைத் துன்புறுத்தும் காலம் வந்தது, உயிரையே கொடுத்தவர்களும் உண்டு. அந்தச் சபை கலையவில்லை. இஸ்லாமிய ஆட்சியாளர்களிடம் அவர் நடந்துகொண்ட முறையும் தனி. அரசவையில் தர்க்கம் செய்து வெல்ல முயலாமல், கேட்ட கேள்விக்கு வேதவசனத்தைக் கொண்டே பணிவாகப் பதில் சொல்வார்.

சபைகள் தாமே நடத்தி, தாமே தாங்கி, தாமே பெருக வேண்டும் என்று கனவு கண்டவர், கிரௌதர் பணியாற்றிய சர்ச் மிஷனரி சங்கத்தின் செயலர் ஹென்றி வென். அவர் 1873-ல் இறந்தார். கிரௌதருக்கு லண்டனில் இருந்த பலமான துணை போயிற்று. 1880-களின் இறுதியில் கிரஹாம் வில்மட் புரூக் போன்ற ஆங்கிலேய மிஷனரி இளைஞர்கள் நைஜருக்கு வந்தார்கள். பக்தியில் குறைவில்லாதவர்கள்தாம். ஆனால் ஆப்பிரிக்க ஊழியர் எவரும் அவர்கள் அளவுகோலுக்கு எட்டவில்லை. 1890 ஆகஸ்டில் ஒனிட்ஷாவில் கூடிய நிதிக் கமிட்டியில், எண்பதைக் கடந்த பேராயரின் கண்முன்னே, அவருடைய குருமாரை அவரைக் கேளாமலே பணியிலிருந்து நிறுத்தும் அதிகாரம் தனக்கு உண்டென்று நைஜர் மிஷனின் செயலர் சொன்னார். நிறுத்தப்பட்டவர்களில் அவர் மகன் டேண்டெசனும் ஒருவர். முதியவர் கமிட்டியிலிருந்து விலகினார். 1891 டிசம்பர் 31-ல் லாகோசில் இறந்தார். கால்டுவெல் கொடைக்கானலில் கண்மூடியது அதே ஆண்டு ஆகஸ்டில்.

கிரௌதரின் இடத்துக்கு ஓர் ஆங்கிலேயர் அனுப்பப்பட்டார். ஆப்பிரிக்கர்கள் துணைப் பேராயர்களாகவே வைக்கப்பட்டார்கள். தனித் திருமண்டலம் ஒன்றை மறுபடியும் ஓர் ஆப்பிரிக்க ஆங்கிலிக்கர் அங்கே ஆள்வதற்கு இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நம் வெள்ளாளன்விளை வேதநாயகம் அசரியா 1912-ல் முதல் இந்திய ஆங்கிலிக்கன் பேராயராக அபிஷேகம் பெறும் முன்பு, ஓர் இந்தியரின் கீழே ஐரோப்பியர் பணியாற்றுவதா என்று எழுந்த எதிர்ப்பைத் திருநெல்வேலிக்காரர்கள் அறிவோம். டவுன்சென்ட் எழுப்பிய அதே குரல்தான் அது. திறமையற்ற நிர்வாகி என்ற வரி என்னைச் சுடுவது இதனால்தான்.

இன்னொன்று. போனி உள்ளிட்ட நைஜர் முகத்துவார டெல்டா பகுதிச் சபைகள் அந்த அவமதிப்பைப் பொறுக்கவில்லை. 1892-ல் டேண்டெசன் தலைமையில் மிஷன் சங்கத்தின் நிதியையும் மேற்பார்வையையும் விட்டு விலகி, ஆங்கிலிக்கன் சபைக்குள்ளேயே இருந்துகொண்டு, சொந்தக் காணிக்கையில் ஊழியம் நடத்தின. மோசமான நிர்வாகியின் கையில் வளர்ந்த சபைகளால் இது முடியுமா?

2014-ல், அவர் அபிஷேகம் பெற்ற 150-ஆம் ஆண்டில், அதே கேன்டர்பரியில் அன்றைய தலைமைப் பேராயர் ஜஸ்டின் வெல்பி கிரௌதருக்கு இழைக்கப்பட்ட அநீதிக்காக மன்னிப்புக் கேட்டார். தொடரின் அடுத்த பகுதியில் கிரௌதருக்கு ஒரு பக்கமாவது ஒதுக்கி, 1890 ஒனிட்ஷா கூட்டத்தைப் பற்றியும் எழுதும்படி கட்டுரையாளரை அன்போடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்,
பாளையங்கோட்டை