திருக்கடையூரில் உதவிய அக்காவுக்கு நன்றி

அமிர்தகடேசுவரர் கோயிலில் அப்பா அம்மாவின் சஷ்டியப்தபூர்த்தியன்று, பக்கத்து ஹோமத்திலிருந்து எழுந்து வந்து உதவிய அக்காவுக்கு எங்கள் குடும்பத்தின் மனமார்ந்த நன்றி. பெயர் கேட்பதற்குள் போய்விட்டீர்கள். நீங்கள் சொன்னவை இனிப் போகிறவர்களுக்கும் பயன்படட்டும்.

கலச அபிஷேகத்துக்குப் பட்டு வேண்டாம், பருத்திதான். நனைந்த பட்டு கனக்கும், காலில் சுற்றும், சாயமும் இறங்கும். பட்டை மாங்கல்ய தாரணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு 2 துண்டு: தலை துவட்ட ஒன்று, காலடியில் விரிக்க ஒன்று. ஈரக் கல்தரையில் எழுந்திருக்கும்போதுதான் பெரியவர்கள் வழுக்கி விழுகிறார்கள். இருபுறமும் ஆள் நிற்கட்டும். காது மெஷினை முன்பே கழற்றிவிடுங்கள். முழங்கால் வலி இருந்தால் மணைக்குப் பதில் நாற்காலி வேண்டுமென்று முன்பதிவு செய்யும்போதே சொல்லுங்கள். சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறவர்கள் வெறும் வயிற்றோடு உட்காரவே கூடாது, ஹோமம் முடிய நேரமாகும்.

நாள் குறிப்பதில்தான் நிறையப் பேர் குழம்புகிறார்கள். ஆங்கிலத் தேதியைப் பார்க்காதீர்கள். பிறந்த தமிழ் வருடம் 60 ஆண்டு கழித்துத் திரும்பும்போது, அதே மாதத்து ஜன்ம நட்சத்திரம்தான் கணக்கு. 1966 ஆவணியில், பராபவ வருடத்தில் பிறந்தவருக்கு 2026 ஆவணி.

அம்மாவுக்கு ஈரப் புடவை மாற்ற மறைப்புப் பிடித்து நின்றீர்களே அக்கா, அதற்குத் தனியாக ஒரு நன்றி.