பிரேக்கில் கரையும் பெட்ரோல்

அம்மாடி,

வண்டி லிட்டருக்கு 12தான் கொடுக்கிறது என்று போனில் சொன்னாயே, அந்த 12 எங்கே பார்த்தது? ஸ்டியரிங்குக்குப் பின்னால் தெரிகிற எண் என்றால் அதை அப்படியே நம்பாதே. டேங்க் நிரப்பி அளந்து பார். பங்கில் நாசில் தானாக ‘டக்’கென்று நிற்கும் வரை போடச் சொல். அதற்கு மேல் ரூபாயை ரவுண்டாக்க ஊற்ற வந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடு. கூடுதலாக ஊற்றும் பெட்ரோல், ஆவியைப் பிடித்து வைக்கிற கரி டப்பாவுக்குள் போய் அதைக் கெடுத்துவிடும். ட்ரிப் மீட்டரை சைபருக்குக் கொண்டு வா. 300, 400 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு அதே பங்கில், முடிந்தால் அதே பம்பில், அதே மாதிரி நிரப்பு. ஓடிய தூரத்தை இரண்டாம் முறை பிடித்த லிட்டரால் வகுத்தால் வருவதுதான் உன் மைலேஜ். மூன்று டேங்க் சராசரி பார்த்த பிறகுதான் எதையும் முடிவு செய்ய வேண்டும்.

இதில் கொஞ்சம் உன் கையில் இல்லை. இப்போது பங்குகளில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலில் பெட்ரோலைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு. எத்தனால் கலக்காத பழைய பெட்ரோலுக்காகச் செய்த கார்களில் 6, 7 சதவீதம் வரை மைலேஜ் இறங்கும் என்று 2021-இல் நிதி ஆயோக் அறிக்கையே சொன்னது. மீதி உன் வலது காலில் இருக்கிறது.

பெட்ரோலை எரித்து வண்டிக்கு வேகம் கொடுக்கிறாய். பிரேக்கை மிதித்தால் அந்த வேகம் முழுவதும் டிஸ்க்கில் சூடாகிக் காற்றோடு போகிறது. ஒரு டன் எடையுள்ள கார் 50 கிலோமீட்டர் வேகத்திலிருந்து ஒரு முறை நின்றால் போவது கிட்டத்தட்ட 12 மில்லி பெட்ரோல். லிட்டர் நூறு ரூபாய் என்று வைத்தால் ஒரு ரூபாய் இருபது காசு. ஓ.எம்.ஆரில் ஆபீஸ் போய்த் திரும்புவதற்குள் இப்படி எத்தனை முறை நிற்கிறாய் என்று ஒரு நாள் எண்ணிப் பார். முன்னால் போகிற வண்டியின் பம்பரைப் பார்த்து ஓட்டாதே. அதற்கும் முன்னால் மூன்றாவது வண்டியைப் பார். அதன் சிவப்பு விளக்கு எரிந்ததுமே ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடு. நடுவில் இடைவெளி இருந்தால் நிற்காமலே ஊர்ந்து போய்விடலாம். இடைவெளியில் பைக் நுழையத்தான் செய்யும், நுழையட்டும்.

காலை எடுக்கும்போது கியர் விழுந்தபடியே இருக்க வேண்டும். நியூட்ரலில் உருட்டினால் மிச்சம் என்பது கார்புரேட்டர் காலத்துப் பழக்கம். பெட்ரோலைக் கணினி அளந்து பீய்ச்சுகிற இன்றைய இன்ஜெக்‌ஷன் வண்டியில், கியரில் இருந்துகொண்டு காலை எடுத்தால், சக்கரமே இன்ஜினைச் சுற்றுகிறது. இன்ஜெக்டர் பெட்ரோலையே நிறுத்திவிடும். நியூட்ரலில் போட்டால் இன்ஜின் அணையாமல் இருக்க அது மறுபடியும் பெட்ரோல் கொடுத்தாக வேண்டும். ஏற்காடு, ஊட்டி இறக்கத்தில் நியூட்ரல் போடவே போடாதே. முழு எடையையும் பிரேக் தாங்கி, சூடேறி, பிடிக்காமல் போகும்.

கிளட்ச்சில் கால் வைத்தபடி ஓட்டுகிற பழக்கம் இருந்தால் விடு. மேம்பால ஏற்றத்தில் நிற்கும்போது பாதிக் கிளட்ச்சில் வண்டியைப் பிடிக்காமல் ஹேண்ட் பிரேக் போடு. இன்ஜின் நிமிடத்துக்கு இரண்டாயிரம் சுற்றை ஒட்டி வந்ததும் கியரை மேலே மாற்றினால் போதும். ஆனால் ஐந்தாவதில் 35-இல் போய் வண்டி முனகினால் உடனே கியரை இறக்கு, அதில் மிச்சம் ஒன்றும் கிடையாது. அரை நிமிடத்துக்கு மேல் நிற்கும் என்று தெரிந்தால் இன்ஜினை அணை. ஏ.சி. ஓடிக்கொண்டே நின்றால் சின்ன கார்கூட மணிக்கு ஒரு லிட்டர் வரை குடிக்கும்.

ஊருக்கு வரும்போது நான்கு வழிச்சாலையில் 80-இல் வா. 100-இல் காற்று எதிர்க்கும் விசை அதைவிட ஒன்றரை மடங்குக்கு மேல். நூறு கிலோமீட்டருக்கு உனக்கு மிச்சமாவது 15 நிமிடம்தான். அந்த வேகத்தில் கண்ணாடியை ஏற்றி ஏ.சி. போட்டுக்கொள். வெயிலில் நின்ற வண்டியென்றால் முதலில் எல்லாக் கதவையும் திறந்து அனலை வெளியே விடு. இரண்டு நிமிடம் கண்ணாடி இறக்கி ஓட்டிவிட்டு ஏ.சி.யைப் போட்டு, காற்று உள்ளேயே சுற்றுகிற பட்டனை அமுக்கு.

டயர் காற்று பதினைந்து நாளுக்கு ஒரு முறை, காலையில் வண்டி எடுக்கும் முன். டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் ஸ்டிக்கர் இருக்கும், அந்த அளவுதான் சட்டம். ஓடிச் சூடான டயரில் மூன்று, நான்கு பி.எஸ்.ஐ. கூடக் காட்டும், அதை நம்பி இறக்கிவிட்டால் மறுநாள் குறைவான காற்றில் ஓட்டுவாய். பங்குக்குப் பங்கு மீட்டர் மாறுவதால் கையில் சொந்தமாக ஒரு கேஜ் வாங்கி வைத்துக்கொள். மைலேஜுக்காக ஸ்டிக்கர் அளவைத் தாண்டி ஏற்றாதே, மழையில் பிடிப்பு போய்விடும்.

இன்னொன்று. பிரேக்கை அதிகம் மிதிக்காமல் பத்துக் கிலோமீட்டர் ஓட்டி நிறுத்தியதும் நான்கு சக்கரத்தின் அருகிலும் புறங்கையைக் கொண்டு போ. தொடாதே, சுடும். முன்சக்கரம் இரண்டும் ஒரே மாதிரி இருக்க வேண்டும், பின்னது இரண்டும் அப்படியே. ஒன்றில் மட்டும் அனல் அடித்தால் அங்கே பிரேக் விடாமல் உரசுகிறது. பிரேக் கட்டையை டிஸ்க்கோடு அழுத்துகிற காலிப்பரின் ஊசி (பின்) பெரும்பாலும் கிரீஸ் காய்ந்து இறுகியிருக்கும். கழற்றித் துடைத்து கிரீஸ் வைக்கச் சொல். எவ்வளவு ஓட்டினாலும் டெம்பரேச்சர் முள் மேலே ஏறவில்லை என்றால் இன்ஜின் சூட்டைக் கட்டுப்படுத்துகிற தெர்மோஸ்டாட் திறந்தபடி மாட்டியிருக்கும். இன்ஜின் சூடாகாதவரை பெட்ரோல் கூடுதலாகத்தான் போகும்.

மைலேஜ் கூட்டும் என்று விற்கிற காந்தம், டேங்கில் ஊற்றும் மருந்து, ஆக்டேன் (இன்ஜினுக்குள் முன்கூட்டியே வெடிக்காமல் தாங்கும் அளவு) கூடிய விலை உயர்ந்த பெட்ரோல் எதற்கும் காசு கொடுக்காதே. சாதாரண பெட்ரோலுக்குச் செய்த இன்ஜினுக்கு ஆக்டேன் கூடினால் ஒன்றும் கூடாது. ஆயிலை மட்டும் கையேட்டில் போட்டிருக்கிற கிரேடில் ஊற்றச் சொல்லி, டப்பாவைப் பார்த்து வாங்கு.

மூன்று டேங்க் கணக்கையும் தேதி போட்டு எழுதி அனுப்பு.

அப்பா