வளரிளம் பருவத்தினர் நலப்பணி: 2024-25ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கை

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழு உறுப்பினர்களுக்கும், கலைஞர் கருணாநிதி நகரில் வாழும் நம் சங்கக் குடும்பத்தினர் அனைவருக்கும் பணிவான வணக்கம்.

மழைநீர் வடிகால், தெருவிளக்கு, வாகன நிறுத்தம் ஆகியவை தொடர்பான பணிகளும் தணிக்கை செய்யப்பட்ட வரவு செலவுக் கணக்கும் தனியே அச்சிட்டு உங்களுக்கு வழங்கப்பட்டுள்ளன. ஆதலால் இவ்வறிக்கை, சென்ற பொதுக்குழுவில் நீங்கள் எங்களிடம் ஒப்படைத்த புதிய பொறுப்பைப் பற்றியது மட்டுமே. நம் தெருக்களில் உள்ள 13 முதல் 18 வயது வரையிலான பிள்ளைகள், உடல், மனம், உறவு, படிப்பு ஆகிய எல்லாவற்றையும் உள்ளடக்கிய தங்கள் நலனுக்குத் தாங்களே இலக்கு வகுத்துக்கொள்ளத் துணைநிற்க வேண்டும் என்பதே அப்பொறுப்பு.

ஜூன் மாதத்தில் பணியைத் தொடங்கியபோது நாங்கள் ஒரு பெரும் பிழை செய்தோம். சங்க அலுவலகத்தில் பெற்றோரையும் பிள்ளைகளையும் ஒன்றாக அமரவைத்து ஆளுக்கொரு படிவம் கொடுத்தோம். திரும்பி வந்த படிவங்களில் பெரும்பாலானவை பெற்றோரின் கையெழுத்தில் இருந்தன. ‘பொதுத்தேர்வில் 95 விழுக்காடு’, ‘ஐந்து கிலோ எடை குறைப்பு’, ‘கைப்பேசியைத் தொடாமல் இருத்தல்’ என்பனவே திரும்பத் திரும்ப வந்தன. அன்று வந்திருந்த 34 பிள்ளைகளில் அடுத்த மாதக் கூட்டத்துக்கு வந்தவர்கள் 11 பேர் மட்டுமே. அந்தப் படிவத்தைத் தயாரித்தவன் என்ற முறையில் இதற்கான பொறுப்பு என்னுடையது.

ஆகஸ்டில் முறையை மாற்றினோம். பெற்றோர் கீழ்த்தளத்தில் காத்திருக்க, பிள்ளைகள் மாடியில் தனியே கூடினார்கள். ஆளுக்கொரு கோடு போட்ட நோட்டு வழங்கப்பட்டது. அதைப் பெற்றோரோ சங்கத்தாரோ திறந்து பார்ப்பதில்லை என்று பெற்றோரிடம் எழுத்து மூலமாகவே ஒப்புதல் பெற்றோம். இந்த ஓர் ஏற்பாடுதான் பணியைக் காப்பாற்றியது என்பது என் உறுதியான எண்ணம். ஜூலையில் வராமல் நின்றவர்களில் பெரும்பாலோர் செப்டம்பருக்குள் திரும்பி வந்துவிட்டார்கள்.

இலக்கை எழுதும் விதத்தையும் மாற்றினோம். ஜெர்மானிய உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1999இல் எழுதிய கட்டுரை ஒன்றில், ‘இந்த நேரத்தில், இந்த இடத்தில், இது நேர்ந்தால் இதைச் செய்வேன்’ என்று முன்கூட்டியே முடிவு செய்துகொள்வது வெறும் விருப்பத்தைவிடப் பயன் தருகிறது என்று விளக்கியிருக்கிறார். ‘உடற்பயிற்சி செய்வேன்’ என்று எழுதியிருந்த ஒரு பத்தாம் வகுப்பு மாணவர் அதை, ‘டியூஷன் முடிந்ததும் பையை வீட்டில் வைக்காமல் நேராகச் சிவன் பூங்காவுக்குப் போய் மூன்று சுற்று நடப்பேன்’ என்று திருத்தி எழுதினார். வீட்டுக்குள் நுழைந்துவிட்டால் மறுபடி வெளியே வர மனம் வராது என்பதை அவரே கண்டறிந்து சொன்னார். உலக சுகாதார நிறுவனம் 5 முதல் 17 வயது வரையிலானவர்களுக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிட உடலியக்கத்தைப் பரிந்துரைக்கிறது. மூன்று சுற்று அதற்கு ஈடாகாது என்றாலும், எதுவுமே செய்யாதிருந்த ஒருவருக்கு அது நல்ல தொடக்கம்.

எடையை இலக்காக எழுத வேண்டாம் என்று மட்டும் சங்கத்தின் சார்பில் கேட்டுக்கொண்டோம். எடை பல காரணங்களால் கூடும், குறையும். பிள்ளையின் கையில் இருப்பது செயல் மட்டுமே. அன்றியும், உணவைக் குறைத்துக்கொள்ளும் பழக்கம் வளரும் பெண்பிள்ளைகளுக்குப் பெருங்கேடு. 2019-21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்ப நல ஆய்வில், இந்திய அளவில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருப்பதாகத் தெரியவந்துள்ள நிலையில், காலை உணவைத் தவிர்ப்பதை மெலிவதற்கான வழியாகக் கருதுவதை நாம் பொறுத்துக்கொள்ள முடியாது. பள்ளி வேன் ஏழு மணிக்கே வந்துவிடுவதால் சாப்பிடாமல் போய்க்கொண்டிருந்த ஒரு மாணவி, முதல் நாள் இரவே சுண்டல் ஊறவைத்து டப்பாவில் எடுத்துச் செல்வதைத் தன் இலக்காக எழுதினார். அதைப் பார்த்து வேறு நான்கு பேர் அவ்வாறே செய்யத் தொடங்கினார்கள்.

ஆண்டு முழுவதும் அதிகமாகப் பேசப்பட்டது தூக்கம்தான். 13 முதல் 18 வயதினருக்கு நாளொன்றுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை என்று மருத்துவர்கள் கூறுகிறார்கள். நம் பிள்ளைகளில் பலர் ஆறு மணி நேரத்தைக்கூட எட்டவில்லை. இதற்குச் சோம்பலோ பிடிவாதமோ காரணம் என்று பெற்றோர் எண்ணுவது சரியன்று. உறக்கத்துக்கு உடலை ஆயத்தப்படுத்தும் மெலடோனின் என்னும் சுரப்பு, இப்பருவத்தில் சிறுவயதில் இருந்ததைவிட இரவில் தாமதமாகவே சுரக்கத் தொடங்குகிறது. பள்ளி வேனோ அதற்காகக் காத்திருப்பதில்லை. ஆகவே இவ்விலக்குக்குப் பெரியவர்களின் ஒத்துழைப்பும் தேவைப்பட்டது. நம் தெருக்களில் டியூஷன் நடத்தும் ஆசிரியர்கள் சிலரைச் சந்தித்து, ஒன்பது மணிக்கு முடிந்த வகுப்பை எட்டு மணிக்கே முடிக்குமாறு கேட்டுக்கொண்டோம், இருவர் இசைந்தார்கள். இரவு பத்து மணிக்குமேல் எல்லாக் கைப்பேசிகளையும் கூடத்தில் சார்ஜில் வைப்பதென்று ஒன்பது குடும்பங்கள் முடிவு செய்தன. அப்பாவின் கைப்பேசியும் அங்கே இருந்த வீடுகளில்தான் இந்த ஏற்பாடு நிலைத்தது என்பதை உறுப்பினர்கள் கருத்தில் கொள்ள வேண்டுகிறேன்.

அக்டோபர் நடுவில் பெய்த கனமழையும் நவம்பர் இறுதியில் வந்த ஃபெஞ்சல் புயலும் பூங்கா நடையை நிறுத்திவிட்டன. ‘தொடர்ச்சி அறுந்துவிட்டது, இனி எதற்கு?’ என்று பலர் நோட்டை மூடிவைத்தார்கள். உளவியல் ஆய்வாளர் பிலிப்பா லாலியும் உடனாய்வாளர்களும் லண்டனில் 96 பேரைக் கொண்டு செய்த ஆய்வு 2010இல் வெளிவந்தது. அதை டிசம்பர் கூட்டத்தில் எடுத்துரைத்தோம். ஒரு பழக்கம் இயல்பாகிவிட நடுவளவாக 66 நாள் ஆகிறது. ஆளுக்கு ஆள் அது 18 நாள் முதல் 254 நாள் வரை வேறுபடலாம். இடையில் ஒரு நாள் விட்டுப்போவதால் பெரிய இழப்பு இல்லை என்பது அதன் முடிவு. இதைக் கேட்டபோது பிள்ளைகளின் முகத்தில் தெரிந்த நிம்மதியை நான் மறக்கவில்லை. ஒரு நாள் தவறினாலே எல்லாம் போயிற்று என்று அவர்களை எண்ணவைத்தவர்கள் பெரியவர்களாகிய நாம்தான்.

மன நலத்தைப் பொறுத்தவரை நம் வரம்பை உணர்ந்தே நடந்துகொண்டோம். தொடர்ந்து சோர்வுற்றும் உறக்கமற்றும் இருக்கும் பிள்ளைக்கு இலக்கு நோட்டு மருந்தாகாது. அத்தகைய நிலையில் இருந்த இருவரைப் பெற்றோரின் இசைவுடன் மருத்துவரிடம் அனுப்பினோம்; இதற்குமேல் அவர்களைப் பற்றி இங்கே கூறுவது முறையாகாது. 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட டெலி மானஸ் என்னும் அரசு மனநலச் சேவையின் 14416 என்ற எண்ணும், குழந்தைகளுக்கான 1098 என்ற எண்ணும் எல்லா நோட்டுகளின் முதல் பக்கத்திலும் எழுதப்பட்டுள்ளன. இரண்டுக்கும் கட்டணமில்லை.

பொதுத்தேர்வுகள் நடந்த மார்ச் மாதத்தில் கூட்டம் நடத்தவில்லை. ஏப்ரலில் 19 பேர் தங்கள் இலக்கில் ஏதேனும் ஒன்றையாவது இன்னும் கடைப்பிடித்து வருவதாகத் தெரிவித்தார்கள். நோட்டைத் திறந்து பார்ப்பதில்லை என்று வாக்களித்திருப்பதால் இதைச் சரிபார்க்கவில்லை. இனியும் சரிபார்க்கப் போவதில்லை.

வரும் ஆண்டுக்கு மூன்று கோரிக்கைகளைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். சங்கக் கூட்டங்களில் 18 வயதுக்கு உட்பட்ட இருவர் அழைப்பாளர்களாக அமர்ந்து கருத்துச் சொல்ல அனுமதிக்க வேண்டும். மழைக்காலத்திலும் விளையாட ஏதுவாகச் சங்க மாடிக்குக் கூரை போட நிதி ஒதுக்க வேண்டும். சங்க விழாக்களின் ஒலிபெருக்கி இரவு ஒன்பது மணிக்கு நிறுத்தப்பட வேண்டும். மூன்றாவது கோரிக்கை பிள்ளைகளே எழுதித் தந்தது. அவர்கள் எழுதிய தாளை இவ்வறிக்கையுடன் இணைத்துள்ளேன்.

இவ்வறிக்கையை ஏற்று ஒப்புதல் அளிக்குமாறு பொதுக்குழுவைப் பணிவுடன் வேண்டுகிறேன்.

செயலாளர்